அனுப்பாமல் எழுதுகிறவன்

மவுஸைத் தொடுகிறவர்களை அவன் மனிதர்களாகவே மதித்ததில்லை. அலுவலகத்தில் அவன் மேசைமேல் விசைப்பலகை உண்டு, திரை உண்டு, ஆறிப்போன காப்பி உண்டு, மவுஸ் கிடையாது. திரையும் எப்போது பார்த்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். அதில் பச்சை எழுத்துகள் யாருக்கோ பயந்து ஓடுகிற மாதிரி மேலே மேலே ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் பிரிவில் ஒருத்தி அவனுக்குக் 'கறுப்புத்திரை' என்று பெயர் வைத்தாள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான். ஆள் அந்த ரகம்.

பழத்தையும் மீனையும் மருந்தையும் குளிரில் போட்டுக் காக்கிற கம்பெனி அது. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கம்பெனியின் மெயில் முழுக்க அவன் கைவழியாகத்தான் போய் வந்தது. ஆனால் மற்றவர்கள் மெயில் பார்க்கிற லட்சணத்தைக் கண்டால் அவனுக்குக் குமட்டும். கலர் கலராகப் பொத்தான், மூலையில் பல்லைக் காட்டுகிற பொம்மை, எதையாவது தொட்டால் எதுவோ திறந்துகொள்கிற அசட்டுத்தனம். அவன் படிப்பதும் எழுதுவதும் கறுப்புத்திரையில், கட்டளை தட்டித்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எழுத்து. புதுக் கடிதம் தொடங்க 'எம்'. எழுதி முடித்ததை அனுப்ப 'ஒய்'. இப்போதைக்கு வேண்டாம், ஒத்திவை என்றால் 'பி'.

இதில் 'ஒய்' அவனுக்கு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. கோபம் வந்தால் எழுதுவான். லாரிப் பிரிவு மேலாளர் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவனைக் குறை சொன்னால் எழுதுவான். அந்த ஆளின் அறிவையும் பரம்பரையையும் விசாரித்து, எழுத்துப்பிழை இல்லாமல், பத்தி பிரித்து, அருமையாக எழுதுவான். கடைசியில் விரல் 'பி'யில் போய் நிற்கும். கடிதம் ஒத்திவைப்புப் பெட்டிக்குள் போய்விடும், கம்பெனியின் மீனைப் போல. பிறகு எழுந்துபோய் அதே மேலாளரிடம், "சொல்லுங்க சார், மாத்திக் கொடுத்துடறேன்" என்று குழைவான். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் நிதானம். வேறு ஒருவன் செய்திருந்தால் கோழைத்தனம் என்று அவனே சொல்லியிருப்பான்.

ஒத்திவைத்த கடிதங்கள் பெருகப் பெருக, அவற்றை ஆள ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அதைச் செய்வதில்தான் அவனுக்கு உயிர். அலுவலகக் கடிதங்களுக்கு ஒரு பெட்டி, வீட்டு விவகாரத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் அது எந்த வகை என்று ஒரு குறி. ஒரே ஒரு கட்டளை தட்டினால் தலைப்புகள் அகர வரிசையில் வந்து கைகட்டி நிற்கும். முன்பு தேதியும் காட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டான். இத்தனையும் ஒரு நீண்ட அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவன் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த கோப்பு அது. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு அதைக் காட்டுவான். அடுத்தவன் எழுதியதைப் படிக்காமல் காப்பியடித்து ஒட்டுகிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று ஒரு சொற்பொழிவும் உண்டு.

இத்தனை ஏற்பாடும் எழுதி வைப்பதற்கு மட்டும்தான். எழுதியதை அவன் திரும்பப் படித்ததே கிடையாது. 'எம்' தட்டும்போதெல்லாம் அந்த மென்பொருள் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கும்: ஒத்திவைத்த கடிதங்கள் இருக்கின்றன, எடுக்கட்டுமா? 'என்' என்று ஒரு தட்டு. வேண்டாம். அவனுக்கு எழுதும்போது வருகிற சூடுதான் வேண்டும்.

இப்படிப்பட்டவனிடம்தான் அவன் தங்கை ஒரு பதில் கேட்டாள்.

தங்கை, செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வந்து போவான். அம்மா போனதிலிருந்து அப்பா அவள் வீட்டில்தான் இருந்தார். கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து, நாலு மாடிக்குக் கீழே நிற்கிறவனையும் ஒரே அதட்டலில் திரும்ப வைத்த மனிதர். இப்போது முழங்கால் தேய்ந்து, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, மகள் வீட்டுச் சுவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக விட முடியாது.

தங்கைக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. விபத்தில் தாடை போனவர்களுக்குப் புதிதாகத் தாடை செய்கிற படிப்பு. வேறு நகரம், ஒரு வருடம், ஹாஸ்டல் வாசம். பல வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு இந்தத் தடவைதான் கூப்பிட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். அவள் அண்ணனுக்கு மெயில் எழுதினாள். சுருக்கமான மெயில்தான். ஒரு வருடம் மட்டும் அப்பாவை நீ வைத்துக்கொள்கிறாயா? முடியாதென்றாலும் சொல்லிவிடு, நான் வேறு ஏதாவது பார்க்கிறேன். இவ்வளவுதான் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம்.

மெயில் வந்தது அப்பாவின் பெட்டிக்கு. அந்தப் பெட்டியைத் திறந்து கொடுத்ததே கறுப்புத்திரைதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், மருந்துக்கடை ரசீது, அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அப்பா பெயரில் ஒன்றை உண்டாக்கி, மூன்று பேருக்கும் வழி செய்திருந்தான். தனக்குக் கறுப்புத்திரையில். தங்கைக்குப் போனில். அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து அதில். அப்பாவுக்குக் கொடுத்தது வெறும் சம்பிரதாயம். "அவரா? அவர் அதுல செஸ் ஆடுவார். மெயில் உறையோட படத்தைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு ஜென்மம் போதாது" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்திருந்தான்.

அன்று ராத்திரியே முதல் பதிலை எழுதினான். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, மூன்றாம் மாடிவரை அவரால் ஏற முடியாது, அவர் முழங்காலை நினைத்தால்தான் எனக்குக் கவலை என்று பூசி மெழுகியிருந்தான். படித்தால் கண்ணீர் வரும். 'பி'.

அடுத்தது மனைவியின் பேரில். அவளுக்கு மாற்றி மாற்றி ஷிப்ட், ஏற்கெனவே தூக்கமில்லை, அவளிடம் இதைக் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்று. மனைவி ஒரு பேக்கிங் யூனிட்டில் தரச் சோதனை பார்ப்பவள், ஷிப்ட் உண்மைதான். ஆனால் அவளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவாள் என்பது அவன் பயம். 'பி'.

மூன்றாவதில் சப்பைக்கட்டெல்லாம் போய் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "அவர் ஒரு நாளாவது என் வேலை என்ன என்று கேட்டிருக்கிறாரா? யாராவது விசாரித்தால் 'கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டறான்' என்பார். இவருக்கு நான் ஊசி போட வேண்டும்; இவர் என் ஹாலில் உட்கார்ந்துகொண்டு பூச்சு சரியில்லை, கதவு சாய்ந்திருக்கிறது என்று தினமும் எனக்குப் பாடம் நடத்துவார். ஒரு வேலைத்தளத்துக்குள் குடியிருக்க என்னால் முடியாது." எழுதி முடித்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது. குளித்து முடித்த மாதிரி ஒரு சுகம். 'பி'.

இதற்கிடையில் தங்கை போன் செய்தாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாவற்றையும் விவரமாக மெயிலில் எழுதுகிறேன் என்று நழுவினான். அவள் இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்றான். அதில் பொய் ஒன்றுமில்லை.

அப்பாவும் ஒரு நாள் போன் செய்தார். எப்போதும் நலம் விசாரித்து நாலு வாக்கியத்தில் வைத்துவிடுகிற மனிதர், அன்று சம்பந்தமே இல்லாமல், மொட்டைமாடிவரை படியேறிப் போய்விட்டு வந்தேன், மூச்சு வாங்கவில்லை என்றார். கறுப்புத்திரைக்கு எரிச்சல்தான் வந்தது. தங்கை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், கிழவர் அப்படியே ஒப்பிக்கிறார் என்று எண்ணிக்கொண்டான்.

அந்த வாரமே மனைவி, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா போன் பண்ணினார். நான் வந்தா உனக்குக் கஷ்டமாம்மான்னு கேட்டார். எனக்கென்ன கஷ்டம், வாங்கன்னேன். நீங்க எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். அவன் தலையைத் தூக்காமல், அது தங்கை போடுகிற நாடகம், நீ இதில் தலையிடாதே என்றான். அவள் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். செத்தே போய்விட்டது என்று வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் கைவிட்ட ஒரு சர்வரை அவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுப்பிவிட்டான். மருந்துக் கிடங்கின் குளிர்க் கணக்கு மொத்தமும் அதில் இருந்தது. பெரிய முதலாளி எல்லோர் எதிரிலும் தோளில் தட்டினார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவனுக்கு உலகமே நல்லதாகத் தெரிந்தது. மேசைமுன் உட்கார்ந்து எழுதினான்: "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. பார்த்துக்கொள்ளலாம்." வேறு ஒரு வரி இல்லை. விரல் 'ஒய்' பக்கம் போனதுகூட உண்டு. ஆனால் ஒரு வாதம் இல்லை, ஒரு நிபந்தனை இல்லை, மொட்டையாக இருக்கிறதே, காலையில் இன்னும் நாலு வரி சேர்த்து அனுப்பலாம் என்று தோன்றியது. 'பி'. காலையில் தோள்தட்டலின் சூடு ஆறிவிட்டிருந்தது. நேற்று என்ன பைத்தியக்காரத்தனம் செய்யவிருந்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

மாதம் முடியப்போகிற சமயத்தில் அவனுக்கு ஒரு வழி புலப்பட்டது. நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் விடுதி. தோட்டம், நர்ஸ், ஆளுக்கொரு அறை. அதன் இணைய முகவரியையும் போட்டு, மிக நாகரிகமான ஒரு கடிதம் எழுதினான். "யோசித்துப் பார்த்தால் இதுதான் எல்லோருக்கும் நல்லது. உன் வீட்டிலும் அவர் ஒரு மூலையில்தான் கிடக்கிறார். அங்கே அவர் வயது ஆட்கள் இருப்பார்கள். நீயே பக்குவமாக அவரிடம் சொல்லிவிடு." கடைசி வரியில்தான் அவன் சாமர்த்தியம் முழுக்க இருந்தது. இதை அனுப்பலாமா என்று நிஜமாகவே யோசித்தான். அனுப்பினால் தங்கை போன் செய்து கத்துவாள். நாளைக்குப் பார்க்கலாம். 'பி'.

நாளைக்கு அவன் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்தாள். சத்தம் போடவில்லை. அழுது முடித்த குரல்.

"அப்பாவை விட்டுட்டு வந்துட்டேன். நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன்."

எங்கே விட்டாய் என்று கேட்டான்.

"நீ எழுதின இடத்துலதான்."

"நான் எங்க எழுதினேன்? நான் உனக்கு ஒண்ணுமே அனுப்பலியே."

"எனக்கு அனுப்பல, தெரியும். நான் வர்ற மெயிலை மட்டும்தான் பாக்கறேன். அவருக்கு அனுப்பியிருக்கே. டேப்லெட்ல காட்டினார். படிச்சேன். ஒரு மூலையில கிடக்கறார்னு எழுதியிருக்கியே, அதை அவரே எனக்குப் படிச்சுக் காட்டினார் அண்ணா. அவரே அங்க போன் பண்ணிப் பேசி இடம் சொல்லி வெச்சிருந்தார். நான் படிப்பே வேண்டாம்னு சொன்னேன். அண்ணன் பார்த்த இடம், நல்லாத்தான் இருக்கும், நீ கிளம்புன்னு ஒரே பிடியா நின்னார். நீ எங்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். உனக்கு அதுக்குக்கூட வாய் வரலியா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவன் கறுப்புத்திரையின் முன்னால் போய் விழுந்தான். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. அவன் புத்தி அந்த வழியில்தான் போகும். அனுப்பிய கடிதங்கள் இருக்கிற பெட்டியைப் பார்த்தான். அதில் அந்தக் கடிதம் இல்லை. ஒத்திவைத்தவற்றைப் பட்டியல் போட்டான். எல்லாம் அகர வரிசையில் கைகட்டி நின்றன. எதுவும் காணாமல் போகவில்லை. விடுதிக் கடிதத்தைத் திறந்தான்.

அவன் எழுதியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவன் எழுதாத சில வரிகள் இருந்தன.

"பாத்தேன். போன்ல பேசினேன். இடம் இருக்காம். சரி."

கண்ணை மூடித் திறந்து மறுபடி படித்தான். பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து தேடினான். அதிக நேரம் ஆகவில்லை. அப்பாவின் பெட்டியை இணைத்த அன்று, அலுவலகப் பெட்டிக்கு எழுதியிருந்த வரிகளை எடுத்து ஒட்டி, முகவரியை மட்டும் மாற்றியிருந்தான். அலுவலகத்தில் ஒத்திவைக்கிற வரைவுகள் அவன் கணினியில் தங்காமல் சர்வரில் போய் உட்காரும். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அவனே செய்த வசதி அது. அதே வரி இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அப்பாவின் பெட்டிக்குள் இருந்துகொண்டு அவன் ஒத்திவைத்த ஒவ்வொரு கடிதமும் அப்பாவின் பெட்டியிலேயே, அப்பாவின் டேப்லெட்டிலேயே போய் இறங்கியிருந்தது. எழுதிய ராத்திரிகளிலேயே. எவன் தொழிலுக்கு லாயக்கில்லை என்று பையன்களுக்கு வகுப்பு எடுத்தானோ அவன் செய்கிற வேலை.

அது அவமானம்தான், ஆனால் தொழில் அவமானம், அதைச் சமாளித்துவிடலாம். மற்றக் கடிதங்களைத் திறக்கத்தான் கை வரவில்லை. திறந்தான். எல்லாவற்றிலும், அவன் நிறுத்திய இடத்துக்குக் கீழே, அவர் ஆரம்பித்திருந்தார். ஒற்றை விரலால் தட்டியது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் இருந்தது.

லிஃப்ட் கடிதத்தின் கீழே: "லிஃப்ட் நின்னா சரி பண்ணச் சொல்ல உங்க குடியிருப்புல ஒருத்தனுக்கும் வாய் இல்லையா. நான் வந்து சொல்றேன். படி ஏறிப் பழகிண்டு இருக்கேன்."

மனைவி பேரில் எழுதியதன் கீழே: "அவகிட்ட நானே கேட்டேன். வாங்கன்னா. பொண்டாட்டி பின்னாடி ஒளியாதே."

மூன்றாவதை அவன் நின்றுகொண்டுதான் படித்தான். "கதவு சாய்ஞ்சுதான் இருக்கு. போன தடவையே பாத்தேன், உனக்குப் பிடிக்காதுன்னு சொல்லல. உன் வேலையப் பத்திக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நீ சொன்னது புரியல. திருப்பிக் கேட்டா மூஞ்சியச் சுளிக்கறே. அதனால விட்டுட்டேன். சர்வர்னா என்னன்னு எழுது. எழுதினா மெதுவாப் படிச்சுப்பேன்."

முதலாளி தோளில் தட்டிய நாளின் கடிதத்தைக் கடைசியாகத் திறந்தான். அவனுடைய ஒரே வரிக்குக் கீழே: "எந்தத் தேதி. பெட்டி கட்டணும்." அதற்கும் கீழே, இடம் விட்டு, இன்னொரு நாள் எழுதியது: "தேதி போடலியே நீ."

அவர் பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். அவனுக்குத் தெரியும், வேலைத்தளம் மாறும்போதெல்லாம் அவர் முதலில் கட்டிவிட்டுத்தான் தேதி கேட்பார். கட்டின பெட்டியோடு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அடுத்த கடிதமாக அந்த விடுதியின் முகவரி போயிருக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். அவனே திரையைத் திருப்பிக் காட்டினான். படித்து முடித்துவிட்டு, "இதையும் எழுதிட்டு உக்காந்துடாதீங்க. கிளம்புங்க" என்றாள்.

விடுதி அவன் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது, அதுவும் குத்தியது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்த ஆள், புதுசா வந்தாரே, சத்தமாப் பேசுவாரே, அவரா என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினான். காலையில் குழாய் வளைவைப் பற்றித் தன்னிடம் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றும் சொன்னான்.

அப்பா வராந்தாக் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இன்னொரு கிழவர், ரிட்டயர்டு வங்கி மேனேஜராம். இருவருக்கும் நடுவில் அந்த டேப்லெட். மகனைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. அவன் அதற்குத்தான் தயாராக வந்திருந்தான்.

"இவன்தான்" என்றார் மேனேஜரிடம். "சொன்னேனே. நேர்ல பேச வாய் வராது இவனுக்கு, சின்ன வயசிலேர்ந்தே. தங்கச்சி பேரைப் போட்டு எனக்கு எழுதுவான். பாதி நாள் திட்டித்தான் எழுதுவான். ஆனா எழுதிடுவான். உம்ம பையன் எழுதறானா?"

மேனேஜர் இல்லை என்பதுபோலச் சிரித்துவிட்டு, தந்தையும் மகனும் பேசட்டும் என்று எழுந்து போனார்.

கறுப்புத்திரை நின்றான். அது உங்களுக்கு எழுதியது இல்லை, யாருக்குமே அனுப்பியது இல்லை, ஒரு வரி தப்பாக ஒட்டியதால் வந்தது என்று சொல்லிவிட வேண்டும். உண்மை அதுதான். மன்னிப்பும் அதற்குப் பிறகுதான் கேட்க முடியும். வாயைத் திறந்தான்.

அதற்குள் அப்பா டேப்லெட்டை அவன் பக்கம் தள்ளினார். "இதைப் பாரு. மத்த டப்பாவுல எல்லாம் ஆஸ்பத்திரி விளம்பரம் வருது. நீ எழுதற டப்பாவுல மட்டும் ஒண்ணும் வரல, அந்த விடுதி லெட்டருக்கு அப்புறம். நான் அதுல பதில் போட்டேனே, உனக்கு வந்துதா?"

"வந்துதுப்பா."

"எல்லாம்?"

"எல்லாம் வந்துது."

"அப்ப ஏன் பதில் போடல?"

வாழ்நாள் முழுக்க எல்லோருடைய முட்டாள்தனத்துக்கும் பதில் எழுதி வைத்திருந்தவன், டேப்லெட்டைக் கையில் எடுத்து, பழுது பார்க்கிறவன் மாதிரி அதை அப்படியும் இப்படியும் திருப்பினான். அதில் ஒரு கோளாறும் இல்லை. அவன் மட்டமாக நினைத்த அந்தக் கலர்ப் பொத்தான்களெல்லாம் ஒழுங்காக அததன் இடத்தில் இருந்தன. "நெட்வொர்க்ல பிரச்சினைப்பா" என்றான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தபோது தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. லாரி மேலாளர்மேல்கூட அவனுக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

அப்பா தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

அவன் டேப்லெட்டை மேசைமேல் வைத்தான். நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தான். பல வருடத்தில் முதல் தடவையாக, எழுதிப் பார்க்காமல், நேராக ஒரு வாக்கியத்தைச் சொன்னான். "வீட்டுக்கு வந்துடுங்கப்பா. இப்பவே போலாம்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிமெண்டில் மணல் அதிகமா, குறைவா என்று பார்க்கிற அந்தப் பழைய பார்வை.

"வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம்டா. நீ வாயால சொல்லி எது நடந்திருக்கு" என்றார். "போய் எழுது. தேதி போட்டு எழுது. வந்தா படிச்சுட்டுச் சொல்றேன்."